கோடை வகுப்புப் பாடம்: மாதிரி விமானத்துக்கு நம் கையால் அடையாளம்

 

கடந்த கோடை விடுமுறையில், நமது அறக்கட்டளையின் படிப்பகத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு மாதிரி விமானம் செய்யும் வகுப்பு நடத்தினோம். "பொம்மை செய்யவா பிள்ளைகளை அனுப்புகிறோம்?" என்று சில பெற்றோர் நம்மிடம் நேரிலேயே கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஜகாத், கல்வி உதவி, மருத்துவ உதவி என்று இருக்கிற வேலைகளுக்கு நடுவே இது எதற்கு என்று நாமும் நம்மையே கேட்டுக்கொண்டோம். வகுப்பு முடிந்தபோது பதில் கிடைத்தது. அந்தப் பதிலையும், வகுப்பில் படித்த பாடத்தையும் இந்த இதழில் எழுதுகிறோம். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டே செய்யலாம்.

நம் ஊருக்கு வடக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. 1992-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து பல ஆண்டுகள் பறந்த டூ-142 என்ற பெரிய ரஷ்ய விமானங்கள் 2017-இல் ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆகவே விமானம் என்பது நம் பிள்ளைகளுக்கு எங்கோ இருக்கிற பொருள் கிடையாது. தலையை நிமிர்த்தினால் தெரிவதுதான். அதன் இறக்கையில் இருக்கிற மூவர்ண வட்டம் என்ன, ஏன், எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் பெரியவர்களும் விழிப்போம்.

பெட்டியில் இல்லாத அடையாளம்

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மாதிரி விமானப் பெட்டிகளில் பாகங்களோடு ஒரு சிறிய தாளும் இருக்கும். வட்டம், பட்டை, எண், எழுத்து எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தண்ணீரில் நனைத்தால் படம் மட்டும் மெல்லிய தோலாக நழுவி வரும். அதை விமானத்தின் மேல் ஒட்ட வேண்டும். இதற்கு டெக்கால் என்று பெயர். நாம் ஒட்டுப்படம் என்றே சொல்லுவோம்.

வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்டது ஸ்பிட்ஃபயர் என்ற பழைய சண்டை விமானம். எளிதில் கிடைக்கிற மாதிரி அது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பிரிட்டிஷ் விமானப்படையின் சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்கள்தான் இருந்தன. ஆனால் அதே விமானத்தை 1944 முதல் நம் இந்திய விமானப்படையும் ஓட்டியிருக்கிறது. அந்த அடையாளம் பெட்டியில் இல்லை. வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும். நமது பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

வட்டத்தின் கதை

விமானத்தில் வட்டம் போடுவது அழகுக்காக வந்த பழக்கம் அல்ல. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்களில் அவர்களது கொடியை வரைந்திருந்தார்கள். கீழே இருந்து பார்த்த சிப்பாய்க்குக் கொடியில் உள்ள சிலுவைக் கோடுகள் ஜெர்மானியரின் சிலுவைக் குறி போலத் தெரிந்தன. சொந்த விமானத்தையே சுடும் ஆபத்து வந்தது. ஆகவே 1914-இன் இறுதியில், பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்த வட்டக் குறியை நிறங்களை உள்வெளியாக மாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று அமைக்கப்பட்டது. அன்று நாடு ஆங்கிலேயர் கையில் இருந்ததால் பிரிட்டிஷ் வட்டமே நம் விமானங்களிலும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மா வழியாக நெருங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. ஜப்பான் விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். நம் வட்டத்தின் நடுவிலும் சிவப்பு. காட்டுக்கு மேலே வேகமாகப் போகிற விமானத்தில் சிவப்பு மட்டும் கண்ணில் பட்டால் நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடலாம். ஆகவே இந்தப் பகுதியில் பறந்த விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு, நடுவில் வெளிர்நீலம், சுற்றிக் கருநீலம் என்று மாற்றினார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கர வடிவம் வட்டமாக இருந்தது. 1950 முதல் இப்போது நாம் பார்க்கிற மூவர்ண வட்டம் வந்தது. வெளியே காவி, நடு வளையம் வெள்ளை, உள்ளே பச்சை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். "மாமா, அந்த விமானத்துல நம்ம ஆளுங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் வேறு எங்கும் கேட்க முடியாமல் வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தோன்றியது.

இருந்தார்கள். ஒருவர் பெயரைச் சொன்னோம்: இத்ரீஸ் ஹசன் லத்தீஃப். 1923-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1942-இல் விமானப்படை அதிகாரியானார். போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பயிற்சி பெற்ற சில இந்தியர்களில் ஒருவர். 1947-இல் நாடு பிரிந்தபோது முஸ்லிம் அதிகாரியான அவருக்கு எந்தப் படையில் இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. உடன் பறந்த நண்பர்கள் பாகிஸ்தானுக்கு அழைத்தார்கள். அவர் இந்தியாவிலேயே இருந்தார். 1950 ஜனவரி 26 அன்று, நாடு குடியரசான நாளில், டெல்லி வானில் நடந்த விமான அணிவகுப்பை வழிநடத்தினார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். பிறகு மகாராஷ்டிர ஆளுநராகவும் பிரான்ஸ் நாட்டுத் தூதராகவும் பணியாற்றி, 2018-இல் காலமானார்.

நம் அப்துல் கலாம் அவர்களின் கதை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு அந்தத் துறையில் ஆசை வந்தது. விமானியாக வேண்டும் என்று டேராடூனுக்குப் போனார். எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பினார். விமானி ஆகாதவர் என்ன ஆனார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாடம்: ஆண்டைத் தீர்மானியுங்கள்

ஒரே விமானத்துக்கு மூன்று வகை வட்டங்கள் இருந்திருக்கின்றன என்று பார்த்தோம். ஆகவே நிறத்தை எடுப்பதற்கு முன்பு எந்த ஆண்டின் விமானம் என்று முடிவு செய்ய வேண்டும். போர்க்காலம் என்றால் பச்சையும் பழுப்பும் கலந்த உடல், நீல வட்டம். 1950-க்குப் பிறகு என்றால் வெள்ளி நிற உடல், மூவர்ண வட்டம். படத்தில் பார்க்காமல் ஒன்றின் உடலில் இன்னொன்றின் வட்டத்தைப் போட்டுவிடாதீர்கள்.

அந்த ஆண்டைச் சேர்ந்த புகைப்படம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். வட்டம் எங்கே இருக்கிறது, வால் பட்டையில் எந்த நிறம் முன்பக்கம் வருகிறது, எண் எந்த இடத்தில், எந்த எழுத்து வடிவத்தில் என்று இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள ஸ்பிட்ஃபயர் எந்த மார்க் என்பதையும் பாருங்கள். நம் படையில் மார்க் 8, மார்க் 14 போன்றவை பறந்தன. எல்லா மார்க்கும் ஒரே வடிவம் அல்ல.

இரண்டாம் பாடம்: அளவு

மாதிரி விமானப் பெட்டியில் 1/72 என்றோ 1/48 என்றோ போட்டிருக்கும். அசலில் 72 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. என்று பொருள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 156 மில்லிமீட்டர். உங்கள் மாதிரியை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அதே வரும்.

வட்டத்தின் அளவு தெரிந்தால் அதையும் இப்படியே வகுக்கலாம். அசலில் 90 செ.மீ. வட்டம் என்றால் 1/72-இல் 12.5 மி.மீ. அசல் அளவு தெரியாவிட்டால் நேராக மேலிருந்து வரைந்த வரைபடத்தை எடுத்து ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இறக்கை 180 மி.மீ., வட்டம் 15 மி.மீ. என்றால், வட்டம் இறக்கையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதிரியின் இறக்கை 156 மி.மீ. ஆகவே வட்டம் 13 மி.மீ. சாய்வாக எடுத்த புகைப்படத்தில் இப்படி அளந்தால் கணக்கு தவறும்.

விகிதக் கணக்குப் பிடிக்காத பிள்ளைகள் கூட இங்கே கால்குலேட்டரைத் தேடாமல் வகுத்தார்கள். பட்டுச் சேலை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைகிற வீடுகளில் இந்த வேலை புதிதில்லை. அங்கே ஒரு கட்டம் தப்பினால் மாங்காய் கோணலாகிவிடும். இங்கேயும் அப்படித்தான்.

கணினியில் வரைவதானால் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். மில்லிமீட்டரிலேயே அளவு கொடுக்கலாம். வட்டத்தை ஒரே அளவில் வரையாமல் கொஞ்சம் சிறியது, சரியானது, கொஞ்சம் பெரியது என்று மூன்று அளவில் வரைந்து, முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மாதிரியின் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எது சரி என்று பார்த்த பிறகே நல்ல தாளை எடுக்க வேண்டும். ஒட்டுப்படத்தாள் விலை கூடியது. ஒரே தாளில் பத்துப் பிள்ளைகளின் வட்டங்களையும் எண்களையும் நெருக்கி அடுக்கினால் செலவு பங்காகும், வீண்விரயமும் இல்லை. டீ-ஷர்ட்டில் அயர்ன் செய்யும் தாளுக்குக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிடுவார்கள். இதற்கு அப்படித் திருப்ப வேண்டாம், நேராகவே அச்சிடுங்கள்.

மூன்றாம் பாடம்: வெள்ளையை அச்சு இயந்திரம் தராது

நம் வட்டத்தில் வெள்ளை இருக்கிறது. வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் இருக்கும் அச்சு இயந்திரத்தில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைத் தாளின் நிறத்தைத்தான் நாம் வெள்ளை என்று பார்க்கிறோம். கண்ணாடி போன்ற தெளிந்த தாளில் அச்சிட்டு வெள்ளி நிற இறக்கையில் ஒட்டினால், வெள்ளை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கையின் சாம்பல் நிறம் தெரியும். காவியும் பச்சையும் கூட மங்கிவிடும், ஏனென்றால் அந்த மை கீழே உள்ளதை மறைக்காது. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வெள்ளை ஒட்டுப்படத்தாளில் அச்சிடுவது. நிறம் நன்றாக வரும். ஆனால் காவியின் ஓரத்தை ஒட்டி மிகச் சரியாக வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்தால் காவி நிறப் பேனாவால் ஓரத்தை மட்டும் தொட்டு மூடலாம்.

இரண்டாவது, இறக்கையில் முதலில் வெள்ளை வட்டம் ஒன்றைப் பெயிண்டால் போட்டுக் காயவைத்து, அதன் மேல் தெளிந்த தாளில் அச்சிட்ட வட்டத்தை ஒட்டுவது. வெள்ளை வட்டம் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். 12.5 மி.மீ. ஒட்டுப்படத்துக்கு 12 மி.மீ. வெள்ளை போதும். அப்போது வெளியே எட்டிப் பார்க்காது.

மூன்றாவது, ஒட்டுப்படமே இல்லாமல் மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டி, ஒவ்வொரு நிறமாகப் பெயிண்ட் அடிப்பது. வெள்ளையை முதலில் அடித்துவிட்டு மற்ற நிறங்களுக்குப் போக வேண்டும். பொறுமை அதிகம் வேண்டும். ஆனால் இதில் கிடைக்கும் வட்டம்தான் அசலுக்கு மிகவும் நெருக்கம்.

கறுப்பு எண்களுக்கும் எழுத்துகளுக்கும் இந்தக் கவலை இல்லை. தெளிந்த தாள் போதும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே எடுத்தார்கள்.

நான்காம் பாடம்: நாம் செய்த தவறு

ஒட்டுப்படத்தாளில் இரண்டு வகை உண்டு. இங்க்ஜெட் இயந்திரத்துக்கு ஒன்று, லேசர் இயந்திரத்துக்கு ஒன்று. இங்க்ஜெட் தாளை லேசரில் போட்டால் சூட்டில் உருகி இயந்திரத்தையே கெடுத்துவிடும். கடையில் கொடுத்து அச்சிடுவதானால் தாளின் உறையைக் கடைக்காரரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே கொடுங்கள். அது அவருடைய பிழைப்பு.

நாம் இங்க்ஜெட்டில் அச்சிட்டோம். நிறம் அருமையாக வந்தது. அன்று மஃரிபுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு. தாள் காய்ந்துவிட்டது என்று எண்ணி, பிள்ளைகளை வட்டங்களை வெட்டச் சொல்லி, தண்ணீர்க் கிண்ணங்களை வைத்தோம். முதல் வட்டம் தண்ணீரில் இறங்கியதும் காவி கரைந்து மஞ்சளாக ஓடியது. பச்சை அதன் மேல் பரவியது. சில நிமிடத்தில் பதினோரு பிள்ளைகளின் கிண்ணத்திலும் கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. ஒரு வாரம் வரைந்த வேலை. சின்னப் பிள்ளை ஒன்று அழுதேவிட்டது. தவறு நம்முடையது, பிள்ளைகளுடையது அல்ல என்று அங்கேயே சொன்னோம்.

அப்போது சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவருடைய மகன், தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சாயம் பிடிக்கலை மாமா. எங்க அத்தா பட்டு நூலுக்குச் சாயம் போட்டா, முதல்ல ஒரு இழையை அலசிப் பாப்பாரு. இதையும் ஒரு துண்டு அலசிப் பாத்திருக்கலாம்."

கல்லூரி வரை படித்த நமக்குத் தோன்றாதது, தறியூர்ப் பிள்ளைக்குத் தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ். அன்று முதல் நம் வகுப்பின் விதி அதுதான்: தாளின் மூலையில் ஒரு சிறு கட்டம் எல்லா நிறத்திலும் கூடுதலாக அச்சிட வேண்டும், அதை வெட்டி முதலில் தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும், நிறம் நின்றால்தான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

முறை இதுதான். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். ஆகவே அச்சிட்ட தாளை விரல் படாமல் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். பிறகு தெளிந்த அக்ரிலிக் வார்னிஷ் ஸ்பிரேயை மூன்று முறை அடியுங்கள். முதல் முறை பனி விழுந்தது போல மெலிதாக இருக்க வேண்டும். முதலிலேயே கனமாக அடித்தால் வார்னிஷின் ஈரத்திலேயே மை ஓடும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க விடுங்கள். லேசர் மை கரையாது. ஆனாலும் உரியாமல் இருக்க அதற்கும் ஒரு பூச்சு நல்லது. பூச்சு அளவுக்கு மீறித் தடிமனாகிவிட்டால் ஒட்டுப்படம் வளையாமல் விறைத்து நிற்கும். ஆகவே மூன்று மெல்லிய பூச்சோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் பாடம்: ஒட்டுதல்

விமானத்தின் பெயிண்ட் சொரசொரப்பாக இருந்தால் ஒட்டுப்படத்தின் அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூத்தது போலத் தெரியும். ஆகவே ஒட்டும் முன்பு விமானத்துக்குப் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். பிறகு:

1. வட்டத்தை ஓரத்தை ஒட்டிக் கூரான கத்தரியால் வெட்டுங்கள். ஓரத்தில் தெளிந்த தோல் அதிகம் விட்டால் பிறகு கண்ணில் படும்.

2. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து முதல் இருபது விநாடி நனைத்து, இடுக்கியால் எடுத்து, ஈரத் துணியின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். கிண்ணத்திலேயே விட்டுவிட்டால் பசை கரைந்து போய்விடும்.

3. ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். விரலால் மெதுவாகத் தள்ளினால் படம் தாளில் நழுவ வேண்டும். நழுவாவிட்டால் இன்னும் சற்று நேரம் விடுங்கள், இழுக்காதீர்கள்.

4. தாளை இடத்தின் பக்கத்தில் வைத்து, மென்மையான தூரிகையால் படத்தை மட்டும் விமானத்தின் மேல் நகர்த்துங்கள். தண்ணீர் இருக்கும் வரை இடத்தைச் சரி செய்யலாம்.

5. இடம் சரியானதும் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒற்றித் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றுங்கள். தேய்க்காதீர்கள்.

6. தகட்டுக் கோடுகளில் படம் படியாமல் நின்றால் அந்த இடத்தில் ஊசியால் குத்தி, சிறிதளவு வினிகர் கலந்த தண்ணீரைத் தொட்டு மறுபடி ஒற்றுங்கள். கடையில் இதற்கென்றே மென்மையாக்கும் திரவம் கிடைக்கிறது. வீட்டில் செய்த படத்தில் அதை முதலில் சோதனைத் துண்டில் பார்த்துவிட்டே தொட வேண்டும்.

7. ஒரு நாள் காய்ந்த பிறகு ஈரத் துணியால் பசைக் கறையைத் துடைத்துவிட்டு, கடைசியாக ஒரு வார்னிஷ் பூச்சு. அதோடு வட்டம் பெயிண்டாகவே தெரியும்.

பிளேடு, கத்தரி வேலை பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஸ்பிரேயை மொட்டை மாடியிலோ திறந்த வாசலிலோ, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அடுப்புக்கும் சிறு குழந்தைகளுக்கும் தூரமாக அடியுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அந்த வேலைக்கு வேண்டாம்.

ஆறாம் பாடம்: எழுதாமல் விட்ட பெயர்

இரண்டாம் முறை வட்டங்கள் நன்றாக வந்தன. வெள்ளி நிற ஸ்பிட்ஃபயர் மேசையில் நின்றபோது பிள்ளைகளுக்கு ஓர் ஆசை வந்தது. விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே லத்தீஃப் அவர்களின் பெயரைச் சின்ன எழுத்தில் ஒட்டலாம் என்றார்கள். ஒரு பையன் கணினியில் எழுத்தைக்கூட அமைத்துவிட்டான். "அவர் விமானம்னு சொல்லி ஸ்கூல்ல வைக்கலாம் மாமா" என்றான்.

நமக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. முஸ்லிம் பெயர் ஒன்று அந்த மூவர்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் நாம் எடுத்த விமானம் ஸ்பிட்ஃபயர். 1950-இல் டெல்லி வானில் அவர் வழிநடத்தியது டெம்பெஸ்ட் என்ற வேறு விமானங்களின் அணி. மூவர்ண வட்டம் போட்ட ஒரு ஸ்பிட்ஃபயரில் அவர் பெயர் எழுதியிருந்தது என்பதற்கு நம் கையில் ஒரு படமும் இல்லை. பெயரைப் போட்டால் பார்ப்பவர்கள் நம்புவார்கள். நம்பி நாலு பேரிடம் சொல்லுவார்கள். ஒரு நாள் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, இது பொய் என்பார். அப்போது அவரது உண்மையான சேவையின் மேலும் சந்தேகம் விழும்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னோம். அடையாளம் என்பது அமானத். இல்லாததைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை என்றோம். காஞ்சிப் பட்டில் கலப்பு ஜரிகையைச் சுத்த ஜரிகை என்று சீட்டு ஒட்டி விற்றால் என்ன பெயர் என்று கேட்டோம். எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

பையனுக்கு வருத்தம்தான். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். விமானத்தில் எதுவும் எழுத வேண்டாம், கீழே நிற்கும் பலகையில் ஓர் அட்டை வைக்கலாம் என்றான். அட்டையில் பிள்ளைகள் எழுதியது இவ்வளவுதான்: இது இந்திய விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் வகை விமானம், இந்த வட்டம் 1950 முதல் உள்ளது, இதே வகை விமானத்தில் பயிற்சி பெற்ற இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதி ஆனார். மூன்றும் உண்மை. மூன்றையும் எவர் முன்னாலும் சொல்லலாம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் பிள்ளைதான் அட்டையை எழுதினாள். விடுமுறை முடிந்து மாதிரியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றபோது, வகுப்பில் எல்லாருக்கும் தானே விளக்கியதாக வந்து சொன்னாள். "ஒருத்தர் கூட இல்லைன்னு சொல்லலை மாமா" என்றாள். "பொம்மை செய்யவா" என்று கேட்ட பெற்றோருக்கு நாம் தரும் பதில் இந்தப் பிள்ளைதான்.

வீட்டுப் பயிற்சி

1. அசலில் 60 செ.மீ. உயரமுள்ள எண், 1/72 மாதிரியில் எத்தனை மில்லிமீட்டர்? 1/48-இல் எத்தனை?

2. கருநீல, வெளிர்நீல வட்டம் போட்ட ஸ்பிட்ஃபயர் எந்தக் காலத்தைச் சேர்ந்தது? சிவப்பு ஏன் நீக்கப்பட்டது?

3. தெளிந்த தாளில் மூவர்ண வட்டத்தை அச்சிட்டு நேராக வெள்ளி நிற இறக்கையில் ஒட்டினால் என்ன ஆகும்? இரண்டு தீர்வுகளை எழுதுங்கள்.

4. உங்கள் வீட்டுத் தொழிலில், வேலையை முழுதாகச் செய்யும் முன் சோதித்துப் பார்க்கும் ஒரு வழக்கத்தை அத்தாவிடமோ அம்மாவிடமோ கேட்டு எழுதி வாருங்கள்.

நான்காம் கேள்விக்கு வரும் நல்ல பதில்களை அடுத்த இதழில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ். மேல்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். அங்கே ஏரோமாடலிங் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது, போட்டிகளும் உண்டு. வரும் கோடை வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பிறகு படிப்பகத்தில் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி வரிசை மேசை உண்டு. தாளும் பெயிண்டும் அறக்கட்டளை தரும். வரும்போது பழைய துணி ஒன்றும், தண்ணீருக்கு ஒரு கிண்ணமும் கொண்டு வந்தால் போதும்.

வஸ்ஸலாம்.